தக்சாயினி பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள்

தக்சாயினி அடக்கமான பிள்ளை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பருத்தித்துறைக் கரையில் பிறந்தவள். அலைக்கு மேலாகக் கத்தினால்தான் அடுத்த வளவுக்குக் கேட்கும் என்ற இடத்தில் வளர்ந்த தொண்டை அது. அந்தத் தொண்டையைக் கொண்டுபோய், கொழும்புத்துறைப் பக்கம் இருந்த ஒரு சின்ன லூத்தரன் கல்லூரிக்குள் விட்டார்கள். பல்லி சொன்னாலும் போதகருக்குக் கேட்கிற அளவு கல்லூரி. பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அவள் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாரியில், அவளுடைய அப்பா முத்துக்குமாருவும் அண்ணை சயந்தனும் மீன்பிடித் தொழிலுக்குக் கடலில் போனார்கள். வாடைக்காற்று படகைப் புரட்டிப் போட்டது. மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்து மிதந்த சயந்தனை வேறொரு படகு ஏற்றிவந்தது. முத்துக்குமாரு வரவில்லை, உடலும் வரவில்லை. பேச்சுத் திரும்பிய பிறகு சயந்தன் சொன்னது ஒன்றுதான்.

"'அம்மாளாச்சி, கைவிட்டிடாதை தாயே' எண்டு அப்பா கத்திக்கொண்டே இருந்தவர். பிறகு சத்தம் இல்லை."

அதைக் கேட்ட அன்றைக்கே தாய் மகாதேவி சுவரில் இருந்த அம்மன் படத்தைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "கூப்பிட்டவர். வந்தவளோ? இனி அந்தப் பேரை இந்த வீட்டிலை ஒருத்தரும் எடுக்கப்படாது" என்றாள். ஒருத்தரும் எடுக்கவில்லை. ஆனால் தக்சாயினிக்குப் பொறுக்கவில்லை. அப்பாவிடமிருந்து மிஞ்சியது அந்த ஒரு கத்தல்தான். அதையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் அந்த மனிசன் எங்கேதான் போவார்?

தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு விடுதி இலவசம் என்று சொல்லி, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு அந்தக் கல்லூரி அவளை எடுத்தது. காலைச் செபம், வேதபாட வகுப்பு, பாடகர் குழு என்று எல்லாவற்றுக்கும் போனாள். திருநீறு பூசிக்கொண்டுதான் போனாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே படித்த உரும்பிராய்த் தோட்டக்காரரின் பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். லெனாட் போதகரையும் குற்றம் சொல்லக்கூடாது. பிள்ளைகளில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் தானே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற மனிசன். ஆனால் பயந்தவர். மேலிடத்துக்குப் பயம், ஊர்ச்சனத்துக்குப் பயம். பயந்த நல்ல மனிசரோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கரைச்சல் தெரியுமா?

அந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு மாணவர் நாடகம் என்று முடிவானது. மீன் விழுங்கிய தீர்க்கதரிசியின் கதை. கடவுள் அனுப்பிய ஊருக்குப் போகாமல் ஒளித்தோடுகிறவர் ஒரு கப்பலில் ஏறுகிறார். புயல் வருகிறது, கப்பற்காரர் கதறுகிறார்கள். கடைசியில் அவரைத் தூக்கிக் கடலில் போட்டதும் புயல் அடங்குகிறது. தக்சாயினிக்குச் சுக்கான் பிடிக்கிற மாலுமி வேடம். அவளோடு இன்னும் இரண்டு மாலுமிகள். ஒருத்தி உரும்பிராய் ஆரபி. மற்றவன் கொழும்புத்துறை மீனவர் வீட்டுப் பெடியன் ஜெரிசன், கத்தோலிக்கன்.

"புயல் வந்தோடனை எல்லாரும் கையைத் தூக்கி 'ஆண்டவரே' எண்டு கத்துங்கோ" என்றார் நாடகம் பழக்கிய யசிந்தா ரீச்சர்.

"அந்தக் கப்பல்காரர் ஆண்டவரை அறியாத ஆக்கள் எண்டு நீங்கள்தானே ரீச்சர் படிப்பிச்சனீங்கள்? அறியாத ஆளை எப்பிடிக் கூப்பிடுறது?" என்றாள் தக்சாயினி.

ஜெரிசன் சிரித்தான். ரீச்சருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "என்னட்டை ஏன் கேக்கிறாய்? போதகர் ஐயாதான் எழுதித் தந்தவர். அவரிட்டைப் போய்க் கேள்."

போனாள். வேதபுத்தகத்தையும் கையோடு கொண்டுபோனாள்.

"ஐயா, ஆளாளுக்குத் தன்ரை தன்ரை தெய்வத்தைக் கூப்பிட்டது எண்டுதானே இதிலை கிடக்கு?"

"கிடக்கு. ஆனால் பேர் ஒண்டும் போடேல்லையே" என்றார் போதகர்.

"பேர் சொல்லாமல் எப்பிடி ஐயா கூப்பிடுறது?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ஆரைக் கூப்பிடப்போறாய்?"

"அம்மாளாச்சியை. எங்கடை அப்பா கூப்பிட்ட மாதிரி."

"பிள்ளை, பேராயர் வாறார். அந்தப் பேர் எங்கடை மண்டபத்திலை கேக்கப்படாது. ஊர்ச்சனமும் வரும். 'எங்கடை சாமி கூப்பிட்டும் வரேல்லை எண்டு நாடகத்திலை தோற்கடிச்சுப் போட்டாங்கள்' எண்டு நாளைக்கு வாசலிலை வந்து நிக்கும். 'ஆண்டவரே' எண்டு சொல்ல ஏலாதெண்டால் உன்ரை வேடத்தை வேறை ஆரும் செய்யட்டும். விடுதியும் சபையின்ரை தயவு, அதையும் யோசி."

எதிர்த்து நின்ற லூத்தர் என்கிற மனிசரின் பெயரைத்தானே உங்கள் சபைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் உன்னியது. விழுங்கிக்கொண்டாள். "நான் நடிப்பன் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொல்லி நடிப்பாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பின்னேரம் தாய்க்குப் போன் எடுத்தாள். மகாதேவி பொரிந்து தள்ளினாள். "உனக்கென்ன விசரோடி? கூப்பிட்டும் வராதவளை அவையின்ரை மேடையிலை வேறை கூப்பிட்டு, அங்கையும் வரேல்லை எண்டு சனம் சிரிக்கவோ? நான் வரமாட்டன்."

"வராட்டியும் அப்பா கடைசி மட்டும் கூப்பிட்டவர்தானே அம்மா."

மகாதேவி போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் போதகர், இந்தப் பக்கம் பெற்ற தாய். வேறொருத்தி என்றால் 'ஆண்டவரே' என்று முணுமுணுத்துவிட்டு விடுதிச் சோற்றைத் தின்றுகொண்டு இருந்திருப்பாள். தக்சாயினிக்கும் பயம் இல்லாமல் இல்லை. விடுதி போனால் படிப்பும் போய்விடுமோ என்று யோசித்தாள். ஆனாலும் அப்பாவின் அந்தச் சத்தத்தை ஒருதரமாவது நாலு சனம் கேட்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

பண்டிகை நாள் வந்தது. மண்டபத் தூண்களில் வாழைக்குலையும் பூசணிக்காயும் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் பேராயர், பக்கத்தில் லெனாட் போதகர். திரைக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்த தக்சாயினிக்குக் கடைசி வரிசையில் தாய் இருப்பது தெரிந்தது. வரமாட்டன் என்று சொன்ன மனிசி வந்திருந்தாள்! பண்டிகை ஏலத்துக்கு எல்லாரும் தோட்டத்து விளைச்சல் கொண்டுவர, மகாதேவி மடியில் ஒரு பாரைக் கருவாட்டுப் பொதியோடு விறைத்துப்போய் இருந்தாள்.

நாடகம் தொடங்கியது. இரண்டு பெட்டைகள் நீலச் சீலையை ஆட்டி அலை எழுப்பினார்கள். மேளம் இடியாக முழங்கியது. தக்சாயினி சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கையைத் தூக்கவில்லை. கடலில் கையை விட்டால் ஆள் போய்விடும்.

"அம்மாளாச்சி! கைவிட்டிடாதை தாயே!"

மேளம் அடித்தவன் கையை நிறுத்திவிட்டான். சீலை ஆட்டிய பெட்டைகளும் நின்றுவிட்டார்கள். புயலே நின்றுபோன மண்டபத்தில் அவள் மட்டும் மறுபடி மறுபடி கத்தினாள். போதகர் கதிரையிலிருந்து பாதி எழும்பினார். அப்போது பாய்க்கயிற்றோடு நின்ற ஜெரிசன், "அந்தோனியாரே, காப்பாத்தும்!" என்று கத்தினான். புனிதர்களைக் கூப்பிடாத சபை அது, அதுவும் அந்த மண்டபத்தில் கேட்கக் கூடாத பெயர்தான். அடுத்தது ஆரபி, "பிள்ளையாரப்பா!" என்றாள். மேளக்காரனுக்கு உயிர் வந்தது. புயல் பிய்த்துக்கொண்டு அடித்தது. எழும்பிய போதகர் என்ன செய்வது என்று தெரியாமல் பேராயரைப் பார்த்தார். பேராயர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தீர்க்கதரிசியைத் தூக்கிக் கடலில் போட்டு நாடகத்தை முடித்தார்கள். மேடைக்குப் பின்னால் போதகர் காத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"சொல்லுக் கேக்காத பிள்ளைக்கு இங்கை மேடையும் இல்லை, விடுதியும் இல்லை. படிக்கிறதெண்டால் வீட்டிலை இருந்து வந்து படி."

சொன்னதைச் செய்தும் விட்டார். மிச்சப் படிப்பை அவள் பருத்தித்துறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்துதான் முடித்தாள். இன்றைக்கு ஊரில் முன்பள்ளி ரீச்சர். ஆனால் அந்த நேரம் அது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. "சரி ஐயா" என்றாள். "ஆனால் நான் கத்தினது பிழை எண்டு சொல்லமாட்டன்."

கருவாட்டுப் பொதியோடு மகாதேவி அங்கே வந்து நின்றதை அப்போதுதான் இருவரும் கண்டார்கள். அழுது வீங்கிய முகம். மகள் அடி விழும் என்று நினைத்தாள். மகாதேவி பொதியைப் போதகரின் கையில் வைத்தாள்.

"உங்கடை ஏலத்துக்குக் கொண்டந்தது, பிடியுங்கோ. பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன். ஐயா, என்ரை மனிசன் நடுக்கடலிலை கத்தேக்கை கேக்க ஒரு சனம் இருக்கேல்லை. இண்டைக்கு உங்கடை மண்டபம் முழுக்கக் கேட்டிது."

 மகாதேவி மகளின் கையைப் பிடித்தாள்.

"நட பிள்ளை, வீட்டை போய்ப் பெட்டியைத் திறப்பம். எனக்கும் அந்த அம்மாளாச்சியோடை கத்திக் கதைக்க நிறையக் கிடக்கு."