சகலை பார்த்த கருநாரை

என் சகலைக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. அவருடைய பறவை ஆர்வமெல்லாம் கேமராவின் நீளத்தில்தான். உண்ணிக்கொக்குக்கும் மடையானுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவரிடம் கார் இருந்தது. செங்கல்பட்டைத் தாண்டிய ஏரிகளுக்கு விடியுமுன் போய்ச் சேர மந்தைவெளியிலிருந்து எனக்கு வேறு வழியில்லை. அதனால்தான் மார்கழி ஞாயிறுகளில் பழைய பைனாகுலரை மாட்டிக்கொண்டு, வழி நெடுக அவர் பெருமையைக் கேட்டுக்கொண்டு போனேன்.

நான் காத்திருந்தது கருநாரைக்கு. நம் பக்கத்தில் அரிது. எப்போதாவது ஒரு குளிர்காலத்தில் தப்பி வரும். எத்தனையோ மார்கழிகள் ஏமாந்தபின், போன மார்கழியில் வந்தேவிட்டது. பனி விலகாத ஏரியின் கோடியில், நத்தைகுத்தி நாரைகளுக்கு நடுவே ஒதுங்கி நின்றது. கழுத்து கரும்பழுப்பு, வயிறு மட்டும் வெள்ளை. சகலை அப்போது காரில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கருநாரை! ஓடி வாங்க!" என்று கத்தினேன்.

அவர் கைகழுவி, கேமராவைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்கக் கரையேறுவதற்குள் பறவை எழும்பிவிட்டது. அவர் பார்த்தது வெறும் புள்ளி.

"கொக்குல்லா போவுது. இதுக்கா கூப்பிட்டீரு?" என்றார்.

திரும்பி வந்ததும் என்னை மந்தைவெளி ஸ்டேஷன் அருகே இறக்கிவிட்டுப் போனார். நான் மாடிப்படி ஏறி முடிக்கவில்லை, பறவைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் செய்தி விழுந்தது: 'இன்று காலை கருநாரை கண்டேன். படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டது.' கொக்கு அதற்குள் கருநாரை ஆகிவிட்டது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோகாமல் நொங்கு தின்பவரைப் பாராட்டி வரிசையாகக் கைதட்டல்கள். எனக்கு வயிறு எரிந்தது.

குழுவில் அரிய பறவைகளைச் சரிபார்த்துப் பட்டியலில் சேர்க்கும் அம்மாள் ஒருவர் உண்டு. கறாரானவர். 'படம் இல்லையென்றால் அடையாளம் சொல்லுங்கள். கால் என்ன நிறம்?' என்று கேட்டுவிட்டார்.

உடனே எனக்கு போன் வந்தது.

"சகலை, கால் கலரு கேக்காவ. என்ன கலரு?"

"நீங்கதானே பார்த்தீங்க? நீங்களே சொல்லுங்க."

"வெளையாடாதேயும். கார் யாருது? நான் கூட்டிட்டுப் போவலைன்னா நீரு எங்க பாத்திருப்பீரு?"

அது உண்மை என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி, "சொல்லித் தொலைங்களேன். ஒரு பறவைக் காலுக்காக எங்க அக்காகூட நான் பேசாம இருக்கணுமா?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

சகலை ஏதோ புத்தகத்தைப் புரட்டியிருக்க வேண்டும். 'நல்ல சிவப்பு' என்று எழுதினார். வளர்ந்த கருநாரைக்குத்தான் சிவப்புக் கால். நான் பார்த்தது இளசு. அதன் கால் மங்கலான பச்சை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பறவையாவது பட்டியலில் ஏறியிருக்கும். முடியவில்லை. 'கால் பச்சை. இளம் பறவை. பார்த்தவன் நான். அவர் காரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்' என்று போட்டேன்.

கடைசியில் அந்த அம்மாள் எழுதினார்: 'ஒரே காரில் போன இரண்டு பேர் இரண்டு நிறம் சொல்கிறீர்கள். படமும் இல்லை. சேர்க்க முடியாது.'

அக்காவும் தங்கையும் இப்போது பேசிக்கொள்வதில்லை. ஏரிக்குப் போக எனக்குக் கார் இல்லை. இந்த மார்கழி முழுக்க வீட்டில்தான். இத்தனை வருஷம் காத்திருந்து பார்த்த பறவை எந்தப் பட்டியலிலும் இல்லை. வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அவர் பெயரிலும் இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இனிக்கிறது.