ரேடியோ வாசித்த ஏழு அசைகள்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். பதினெட்டு வருடமாக முடிவுகளை வார்டுகளுக்கு ஃபோனில் வாசிப்பதுதான் வேலை. வாசித்ததை எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுவரை விடமாட்டார். நீளமான மருத்துவச் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பார். போதாததற்கு, "சைட்டோன்னா கிரேக்கத்துல கலம், வெறும் பாத்திரம்" என்று விளக்கம் வேறு. பக்கத்து மேஜையில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை மலையாகக் குவிந்து கிடக்க, இவருக்குக் கிரேக்கம் கேட்கிறது!

வீட்டிலும் விடுவதில்லை. காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து அந்தச் சொற்களை உருப்போடுவாராம். "காது புளிச்சுப்போச்சு" என்று அவர் மனைவியே என்னிடம் புலம்பியிருக்கிறார்.

அந்த அக்கா போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது மாடி வார்டில் படுத்திருந்தார். மறுநாள் பித்தப்பை ஆபரேஷன். அவருடைய தாளும் மற்றத் தாள்களோடுதான் வந்தது. ரேடியோ எடுத்தார், படித்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"இது அவ பேர்தானே?"

"ஆமாண்ணே."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். வயதும் சரி, படுக்கை எண்ணும் சரி.

ஃபோனை எடுத்து "த்ரோம்-போ" என்றவர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். நர்ஸ் திருப்பிச் சொல்லிவிட்டு, "டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அக்கா உங்ககூடப் பேசணுமாம்" என்று ரிசீவரை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"என்னங்க வந்திருக்கு?"

சொன்னார்.

"த்ரோம்-போ-சை-டோ-பீ-னி-யா." பிசிறில்லாமல் திருப்பிச் சொன்னார் அக்கா. "சரியா?"

"சரி."

"அப்படின்னா?"

"த்ரோம்போன்னா உறைஞ்ச கட்டி. சைட்டோ, கலம். பீனியான்னா வறுமை. ரத்தம் உறையவைக்கிற அணு கம்மியா..."

"அது கிடக்கட்டும். எனக்கு என்னங்க ஆகும்? நாளைக்கு ஆபரேஷன் உண்டா, இல்லையா?"

ரேடியோ தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கும் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பயமாக இருந்தது.

"தெரியலம்மா," என்றார். "எத்தனையோ பேருக்கு இதை வாசிச்சிருக்கேன். அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒருதடவைகூட விசாரிச்சதில்ல. இரு, நான் மேல வர்றேன்."

ரிசீவரை மேஜையிலேயே போட்டுவிட்டுப் படியேறி ஓடினார். அதை வைக்கலாமென்று எடுத்தேன். அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஏழு அசைகளையும் ஒவ்வொன்றாக, தனக்குத்தானே.