துவக்கு என்று ஒரு சொல்

புரியாத சொல்லைப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு எப்போதும் வராது. ஆபீஸ் மீட்டிங்கிலும் அப்படித்தான், தமிழிலும் அப்படித்தான். அந்த வறட்டு கௌரவம் டெக்சஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் என் வீட்டு வாசலில் செய்த வேலையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு டாக்டரம்மா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. வரலாற்றுப் பாடத்துக்காக இருவரும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சஸில் ஆயுதங்களுக்கு என்னென்ன சட்டம் இருந்தது என்பதுதான் தலைப்பு. முதல் சனிக்கிழமை டியூட்டிக்குப் போகும் வழியில் மகளை விட வந்தவர் காரிலிருந்து இறங்கி வாசல் வரை வந்தார்.

"குறை நினையாதேங்கோ, பிள்ளை போற வீடெல்லாத்திலயும் கேக்கிறனான். உங்கட வீட்டில துவக்கு ஏதும் இருக்கோ?"

எனக்குத் தெரிந்த துவக்கு, துவக்க விழாவில் வரும் துவக்குதான். வீட்டில் ஏதோ விசேஷம் ஆரம்பிக்கிறோமா என்று கேட்கிறார்போல என நினைத்து, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன், வாயெல்லாம் பல்லாக. அவரும் நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

மாடி அலமாரியில், ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் என் கைத்துப்பாக்கி இருந்தது. சிடிசன்ஷிப் கிடைத்த பிறகு வாங்கியது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கார் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், குடும்பப் பாதுகாப்பு என்று மனைவியிடம் வசனம் பேசி வாங்கினேன். உண்மையில் என்னை யாரும் மிரட்டியதில்லை. ஆபீஸில் எல்லாரும் துப்பாக்கி பற்றிப் பேசும்போது நானும் நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

பெண்கள் இரண்டு பேரும் டைனிங் டேபிளில் உட்கார்ந்து வேலை செய்யும்போது நான் சும்மா இருக்க மாட்டேன். "அந்தக் காலத்து டெக்சஸ்ல ஆளாளுக்கு இடுப்புல துப்பாக்கி. சட்டமாவது ஒண்ணாவது" என்று அளந்தேன்.

"நோ அப்பா" என்று என் மகள் குறிப்புகளை என் பக்கம் தள்ளினாள். படித்துப் பார்த்தேன். கைத்துப்பாக்கி, குத்துவாள், கைத்தடிக்குள் ஒளித்த கத்தி, ஈட்டி எதையும் சும்மா எடுத்துக்கொண்டு ஊரில் திரியக் கூடாது. பயணிக்கு விலக்கு உண்டு. சொந்த வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வழிபாடு நடக்கும் இடம், பள்ளிக்கூடம், நாலு பேர் கூடும் விருந்து, இங்கெல்லாம் துப்பாக்கி கூடவே கூடாது. சொந்த வீடு என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்துக்கொண்டேன்.

பிறகு தமிழ் வாத்தியார் வேஷம் கட்டினேன். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தமிழில் பெயர் சொல்லச் சொன்னேன். பிஸ்டல் என்றதும் டாக்டரம்மாவின் மகள் சட்டென்று, "கைத்துவக்கு" என்றாள்.

"என்னது?"

"துவக்கு எண்டால் கன், அங்கிள்."

"ஓ, துவக்குன்னா துப்பாக்கியா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வாசலில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அன்று மாலை மகளைக் கூட்டிப்போக அவர் வந்தபோது சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமையும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. லேப்டாப், கார் சாவி, டிரில்லிங் மெஷின் எல்லாவற்றையும் அடுக்கி, பக்கத்தில் துப்பாக்கியையும் வைத்தேன். குண்டுகளை எடுத்துவிட்டுத்தான் வைத்தேன். சந்தனம் குங்குமம் கூட இட்டேன்.

"அதுக்கெல்லாமா பொட்டு வைப்பாங்க? உள்ள கொண்டு போங்க" என்றாள் மனைவி.

"பேர்லயே ஆயுதம் இருக்கு. அப்புறம் என்ன?" என்றேன். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் எனக்கு. டாக்டரம்மாவுக்கு அன்று டியூட்டி என்று என் மகள் சொல்லியிருந்தாள். அந்தத் தைரியம்தான்.

டியூட்டி மாறிவிட்டதாம். கையில் ஒரு டப்பா பலகாரத்தோடு வந்து நின்றார். பின்னால் மகள், புராஜெக்ட் அட்டையைத் தூக்கிக்கொண்டு. பூஜை, படிக்க வந்த பிள்ளை, சுண்டல் சாப்பிடும் விருந்தாளிகள். அந்தப் பழைய சட்டம் வேண்டாமென்று சொன்ன மூன்று இடமும் அன்று என் ஹாலிலேயே இருந்தது.

அவர் துப்பாக்கியைப் பார்த்தார். மகளைக் கையால் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். அதைச் செய்வதாக அவருக்கே தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்கு நான் துவக்கு எண்டு கேட்டது உங்களுக்கு விளங்கேல்லை, என்ன?"

நான் தப்பித்துக்கொள்ள அவரே ஒரு வழி திறந்துவிட்டார். நான் வெட்கமில்லாமல் அதில் நுழைந்தேன்.

"ஆமாங்க. எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. இப்பத்தான் புரியுது."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். படிக்கட்டில் நின்ற என் மகளும் பார்த்தாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தேவலாம்.

"என்ர பிழையும்தான். உங்கட தமிழில கேட்டிருக்கோணும்" என்றார் டாக்டரம்மா. என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார்! "இதை எங்கயாவது திருப்பிக் குடுத்திடுங்கோ. பிறகு பிள்ளை வரட்டும்."

"இந்த வாரமே குடுத்துடுறேங்க" என்றேன்.

திங்கள் போனது, வெள்ளியும் போனது. கடைக்குப் போகவில்லை. கேட்டால் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். அந்தப் பெண் மட்டும் அட்டையோடு நின்றாள். என் வார்த்தையை நம்பி இறக்கிவிட்டுப் போன அவள் அம்மாவின் கார் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே வா என்றேன். அவள் காலை எடுத்து வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, சென்னைக்காரி மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"அங்கிள், வீட்ல துப்பாக்கி இருக்கா?"

என் சொல். புரியவில்லை என்று இதற்கு எப்படிச் சொல்வது?

"இருக்கும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, டிரைவ்வேயின் சிமெண்ட் தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்தாள். என் மகள் பசையையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.