மாப்பிள்ளை சொன்ன தடை

ஞானையன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எட்டு வருடமும் வாத்தியார்கள் அவன் பெயருக்கு நேரே எழுதியது ஒரே வார்த்தைதான்: வீக். கணக்கு வீக், இங்கிலீஷ் வீக், டிரில்லிலும் வீக். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஒரு தென்னை வேண்டும் என்கிற உடம்பு. தக்கலைச் சந்தையில் அவன் போட்ட கடையில் காப்பியும் அப்படித்தான். ஐந்து பேருக்குக் கலக்கும்போது ஆறாவது ஆள் வந்து நின்றால், இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, வெந்நீரை ஊற்றிவிடுவான். பத்தாவது ஆள் குடித்தது வெறும் சூடு.

1932-ஆம் வருடம் கல்யாணப் பேச்சிலும் அந்த வாய் வரவில்லை. அத்தை நேசபாய் அவன் ஆசைப்பட்ட ராகேலையே பேசி முடித்தாள், கல்யாண ஓலையில் கையெழுத்துப் போட்டான். மறுநாள் சித்தி லீலாபாய் தன் நாத்தனார் மகள் பொன்னம்மாளுக்காக ஒரு காகிதத்தை நீட்டினாள், அதிலும் போட்டான். அத்தையும் சித்தியும் ஒருவரோடொருவர் பேசி ஆறு வருடமாகிறது. ஆளுக்கொரு ஓலையை, கோயிலில் வாசிக்கச் சொல்லி, சபையை நடத்தும் உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலை வாசிப்பு. பார்வை மங்கிய உபதேசியார் இஸ்ரவேல் காகிதத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு, ஞானையனுக்கும் ராகேலுக்கும் விவாகம் என்று வாசித்தார். அதே மூச்சில் அடுத்ததை எடுத்து, ஞானையனுக்கும் பொன்னம்மாளுக்கும் என்றார்.

"இந்த விவாகங்களுக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம்."

சபை சிரிப்பில் குலுங்கியது. ஞானையன் எழுந்து, "உண்டு" என்றான். பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்கவில்லை. உபதேசியார் பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்துவிட்டார். இப்போது விட்டால் ராகேல் கிடைக்கமாட்டாள். ஞானையன் பெஞ்சின்மேல் ஏறினான்.

"தடை உண்டு!"

"யாருக்குலே தடை?" என்றார் உபதேசியார்.

"மாப்பிள்ளைக்கு!"

"மாப்பிள்ளை யாரு?"

"நான்தான்!"

சித்தி எழுந்துவிட்டாள். "லேய், எங்கிட்ட செரி செரின்னு தலையாட்டினியே?"

"தலை அதுவா ஆடிச்சு சித்தி. எனக்கு ராகேல் போதும். ஒங்க ஓலைக்கு நான் மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பயந்துபோய் அங்கேயே குந்திக்கொண்டான். பொன்னம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் இந்த மாப்பிள்ளைமேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ராகேலின் குரல் கணீரென்று வந்தது.

"உபதேசியாரே, முதல் ஓலையை இன்னொருக்கா வாசியும். இந்தச் சிரிப்பில ஒண்ணும் கேக்கல்ல."

இஸ்ரவேல் காகிதங்களைத் தடவினார். அத்தை நேரே போய், ஒன்றை அவர் கையில் வைத்து விரலால் காட்டினாள். மற்றதை அதற்குள் சித்தி பிடுங்கி இடுப்பில் செருகியிருந்தாள்.