வெள்ளிக்கிழமை எண்ணெயும் அம்மாவின் வில்லையும்

மாதவிடாய் நின்ற பின் என் அம்மாவை வாட்டியது திடீர் திடீரென்று பொங்கிய உடற்சூடு. எங்கள் ஊரான லூனாஸிலிருந்து பேருந்தில் சென்று அவர் வேலை பார்க்கும் மின்னணுத் தொழிற்சாலையில், தூசு படாதிருக்க உச்சி முதல் பாதம் வரை மூடிய வெள்ளை உடுப்பு அணிய வேண்டும். அதற்குள் சூடு கிளம்பினால் கழற்றவும் இயலாது; தாங்கவும் இயலாது. ஹார்மோன் மாத்திரை வந்தது, சூடு அடங்கியது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் வேலையையே விடவேண்டி வருமே என்று அம்மா கலங்கினார்.

சொற்போர் மேடைகளில் எதிரணியைப் பலமுறை வாயடைக்கச் செய்தவள் நான். மாத்திரையின் தரப்பில் வாதாட ஆயத்தமாகவே மருத்துவரிடம் சென்றேன். முன்னுரை முடியுமுன் அம்மா என் தொடையில் கிள்ளினார்.

“டாக்டர் பேசட்டும்டி. இங்க யாரும் கோப்பை தரமாட்டாங்க லா.”

மருத்துவர் சிரித்துவிட்டார். “நிறுத்த வேணாம் அக்கா. வாயில போடுற மாத்திரை சிலருக்கு பிரஷர ஏத்தும். அதே மருந்து தோல்ல ஒட்டுற வில்லையா இருந்தா அவ்வளவா ஏத்தாது. மாத்திப் பார்ப்போம். பிரஷரையும் விடாம பாருங்க.”

அம்மா வில்லையை அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டார். சூடு தணிந்தது. ஆயினும் வெள்ளிக்கிழமை கழிந்ததும் அது திரும்பிற்று. அடுத்த வாரம் புது வில்லை ஒட்டியும் அவ்வாறே.

“இது நமக்கு ஒத்துக்கல. பழைய மாத்திரையவே கேட்டு வாங்குறேன். பிரஷர் ஏறுனா ஏறட்டும்” என்று அம்மா முடிவு கட்டினார்.

அடுத்த வெள்ளியன்று அவருடைய ஈரத்துண்டை உதறினேன். மடிப்பில் அந்த வில்லை ஒட்டிக்கிடந்தது. வெள்ளிதோறும் அம்மா உடல் முழுவதும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். வில்லைக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது!

“அதுக்கு மேலயுமா எண்ணெய் தேச்சீங்க?”

“பின்ன? அந்த இடத்த மட்டும் விட்டா உடம்புச் சூடு எப்படிடி தணியும்?”

என் வாழ்நாளின் மிக நீண்ட உரையை அன்று குளியலறை வாசலில் நிகழ்த்தினேன். இறுதியில் அடிவயிற்றுக்கு மட்டும் எண்ணெயிலிருந்து விலக்குக் கிடைத்தது. அதன்பின் வில்லை நிலைத்தது; வெள்ளி கழிந்தும் சூடு வரவில்லை.

மறுபடி கிளினிக் சென்றோம். அம்மாவின் கையைச் சுற்றியிருந்த பட்டை இறுகித் தளர்ந்தது.

“பிரஷர் இறங்கிருச்சு அக்கா. இதையே போடுங்க” என்றார் மருத்துவர்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இப்ப பேசுடி.”

பேசினேன். பேருந்து லூனாஸ் வந்துசேரும்வரை நிறுத்தவேயில்லை.