ராகு காலத்துல பம்ப் எடுக்கல



கம்பைநல்லூர் பக்கம் ஒரு மாங்கூழ் பேக்டரியில கன்ட்ரோல் சிஸ்டம் பாக்குறேன். காலையில வேலைக்குப் போற பஸ்ல இருந்தப்ப ஆபரேட்டர் சின்னசாமி அண்ணன் போன்ல கத்துறாரு.

"மேடம், பாய்லர்ல தண்ணி இறங்கிட்டே இருக்குதுங்க. பம்ப் தானா எடுக்க மாட்டேங்குது!"

"லெவல் காட்டுற கண்ணாடியில தண்ணி தெரியுதா?"

"அடியில கொஞ்சம் தெரியுதுங்க."

"அப்ப நெருப்பைக் குறைச்சிட்டு பம்பை மேனுவல்ல போடுங்க. போனை வெக்காதீங்க."

எனக்கு வேர்த்துக் கொட்டுது. பக்கத்துல இருந்த அக்கா, "வூட்டுல யாருக்காச்சும் முடியலையா கண்ணு?"ன்னு கேக்குறாங்க.

"ஏறுதுங்க மேடம்"னு குரல் வந்தப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

போன்லயே சிஸ்டத்தைத் திறந்தேன். இந்தப் புது சாப்ட்வேர்ல கோடிங் கிடையாது. பெட்டி பெட்டியா வெச்சு, கோடு இழுத்து இணைச்சாப் போதும். 'தண்ணி குறைஞ்சிருக்கா', 'பம்பை ஓட்டு' ரெண்டுக்கும் நடுவுல புதுசா ஒரு பெட்டி.

'ராகு காலமா? ஆமான்னா ஸ்டார்ட் பண்ணாதே.'

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"நாந்தாங்க மேடம் வெச்சேன். ராகு காலத்துல எதையும் ஆரம்பிக்கக் கூடாதில்லீங்களா? கோடிங் தெரியாதவங்களும் செய்யலாம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க!"

பெட்டியைத் தூக்கிட்டேன். இனி அவரு எதையும் மாத்த முடியாதபடி அவரோட லாகினையும் பூட்டணும். அதை நாளைக்கு அவருகிட்டச் சொல்லியாகணும்.

நாளைக்கு நல்ல நேரம் எப்பன்னு யாராச்சும் காலண்டர் பாத்துச் சொல்லுங்க.