வலது கண்ணுக்குப் பழைய பாட்டு

கொசு என்றுதான் அவளுக்கு வீட்டில் பெயர். அண்ணன் வைத்தது. எந்நேரமும் காதோரம் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள், விரட்டினாலும் போகமாட்டாள். இருபத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. முனகுவதெல்லாம் ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூன் தொடர்களுக்கு முன்னால் வருகிற பாட்டு. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

சின்ன வயதில் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவியில் ஒரு தொடர் வரும். கலங்கரை விளக்கத்தைக் காவல் காக்கிற மூன்று பிள்ளைகளின் கதை. அம்மா வேலை முடிந்து வர ஏழாகும். பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் அண்ணனும் தங்கையும் கட்டில்மேல் ஏறி நின்று, சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியப் பாடுவார்கள். பாட்டு எக்காளத்தில் தொடங்கும். அந்த எக்காளமும் வாயால்தான். அது எப்போதும் அண்ணனின் பங்கு.

அந்தப் பாட்டு அவளுக்குச் சோறும் போட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை. ஆவி பறக்கும் சாயத் தொட்டியில் லென்ஸைக் கவ்வியோடு முக்கி, கை ஓயாமல் ஆட்ட வேண்டும். எவ்வளவு நேரம் உள்ளே கிடக்கிறதோ அவ்வளவு நிறம். சுவரில், வைத்த நேரத்துக்கு மணியடிக்கும் கடிகாரம் உண்டு; அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். கைக்குத் தாளம் வேண்டும், கடிகாரத்திடம் தாளம் ஏது? பாட்டை ஒரு முறை பாடி முடித்தால் வெளிர் நிறம், நான்கு முறை பாடினால் நல்ல நிறம். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர் வந்து ஒரு நாள் அந்தக் கவ்வியைப் பிடித்துப் பார்க்கட்டும். எட்டு வருஷத்தில் ஒரு ஜோடிகூடத் திரும்பி வந்ததில்லை.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பத்து மாதமாக ஒற்றைத் தலைவலி அவனைக் கட்டிலில் போட்டுவிட்டது. வெளிச்சம் பட்டால் ஊசி ஏறுகிற மாதிரி இருக்கும். ஜன்னலுக்குப் போர்வை அடித்து, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். மருத்துவர், இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி சிலருக்கு ஒத்துப்போகிறது, போட்டுப் பாருங்கள் என்றார்.

"வேற யார் கையும் படக்கூடாது. நானே செய்யறேன்" என்றாள் கொசு.

திங்கட்கிழமை இரண்டு லென்ஸையும் சேர்த்து முக்கி எடுத்தாள். கன்னத்தில் வருகிற சிவப்பு மாதிரி அமைந்தது. செவ்வாய்க்கிழமை, பதினைந்து வருஷம் கழித்து அந்தக் கலங்கரை விளக்கத் தொடரைப் புதிதாக எடுத்து வெளியிட்டார்கள். அதே மெட்டு, ஆனால் எக்காளம் இல்லை. ஒரு பெண் மட்டும் அழுதுவிடுவாளோ என்கிற மாதிரி பாடுகிறாள். கொசு அன்றைக்கே அதைப் பதினெட்டு தரம் கேட்டாள். போனைக் கதவிடுக்கில் வைத்து அண்ணனுக்கும் போட்டுக் காட்டினாள்.

"அதை எடு அந்தப் பக்கம்!" என்று உள்ளேயிருந்து கத்தினான். "எக்காளம் எங்கடி? பாட்டைக் கொன்னு பொதைச்சுட்டானுங்க."

புதன்கிழமை, கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி ஓரத்தைத் தேய்க்கும்போது இடது லென்ஸ் விண்டுபோனது. புது லென்ஸை எடுத்துத் தனியாக முக்கினாள். நான்கு முறை பாடினாள்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கொடுத்தாள். அண்ணன் மாட்டிக்கொண்டு, கதவைக் கொஞ்சம் திறந்து, கூடத்து விளக்கைப் பார்த்தான். ஒரு கண்ணை மூடினான். மற்றதை மூடினான். அவன் முகம் சுண்டிப்போனது.

"கொசு... இடது கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"என்ன சொல்ற?"

"இனி கண்ணும் போகப்போகுது. நாளைக்கு நான் எங்கயும் வரல. அம்மாகிட்ட சொல்லிடு."

அம்மா அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. கொசு கண்ணாடியைப் பிடுங்கி ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்தாள். வலது பக்கம் கன்னத்துச் சிவப்பு. இடது பக்கம் அதைவிட ஒரு படி அடர்த்தி. டிவியில் இரண்டு பாட்டும் ஒன்றரை நிமிஷம்தான். வாயில் பாடும்போது? பழையது குதித்து ஓடும். புதன்கிழமை வாயில் வந்தது புதியது; அதை அவள் உருகி உருகி இழுத்திருக்கிறாள்.

எட்டு வருஷத்து நல்ல பேரை நினைத்து ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு நொடிதான்.

"உன் கண்ணு இல்லண்ணா. என் வேலை கெட்டுப்போச்சு."

"ஊருக்கெல்லாம் சரியா செய்யறவ, எனக்குன்னு வந்ததும் சொதப்பினியா?"

பிறகு அவனே கேட்டான். "எந்தப் பாட்டுல முக்கின?"

"வலதுக்குப் பழசு. இடதுக்குப் புதுசு."

சிரித்தானா இருமினானா தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது. கொசு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "வெளிறினதை இருட்டாக்கலாம். காலையில எட்டு மணிக்குக் கடைக்கு வா. நான் சரிபண்ணி வீட்டுக்குக் கொண்டாந்து தரமாட்டேன், சொல்லிட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதடி" என்றாள் அம்மா.

"பிடிப்பேன்."

காலையில் அவன் வந்தான். தலையில் துண்டு, அதற்குமேல் குடை, ஒரு கை அம்மாவின் தோளில். கடைக்கார அம்மா பயந்துவிட்டார். "யாரும்மா இது, கொள்ளையடிக்க வந்தவனாட்டம்?"

"எங்க அண்ணன்தான்மா. விளக்கை அணைச்சிடுங்க."

பின்னறையில் தொட்டியின் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. கொசு வலது லென்ஸைக் கழற்றிக் கவ்வியில் மாட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுவர்க் கடிகாரத்தில் நேரம் வைத்தாள். கைக்குத் தாளம் வரவில்லை. அப்போது முதுகுக்குப் பின்னால் அண்ணன் பாட ஆரம்பித்தான். புதுப் பாட்டை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, ஒரு எழுத்து பிசகாமல். அவள் கை தானாக ஆடத் தொடங்கியது.

"இது உனக்கு எப்படி வரும்?"

"கதவுக்குக் காது இல்லைன்னு நெனச்சியா? மூணு நாளா அதைத்தானே முனகற. பேசாம முக்கு."

ஒன்பதேகாலுக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்தான். அம்மாவோடு கம்பெனிக்குக் கிளம்பினான்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடி வந்தவள், குளியலறையில் அவன் வாந்தி எடுக்கும் சத்தத்தைத்தான் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"மூணு மணி நேரம் நின்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"திங்கக்கிழமையும் வரச் சொல்லியிருக்காங்க. வருவேனான்னு கேக்காத."

கட்டிலில் போய் விழுந்தான். அவள் கண்ணாடியை எடுத்து வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தாள். வலது பக்கம் இன்னும் ஒரு இழை வெளிறித்தான் இருந்தது. மடித்து அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, உன் சத்தத்தையே காணோம்?" என்றாள் அம்மா.

சாத்தாத கதவுக்குள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொசு... பழசைப் பாடு. மெதுவா. எக்காளம் வேண்டாம்."